அண்ணியும் நானும் லைன் பிரித்த பெட்டியும்

என் அன்பு அண்ணிக்கு,

நேற்று நம் வீட்டுக்கு பிராட்பேண்ட் வந்துவிட்டது. முதலில் இதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதெல்லாம். கம்ப்யூட்டரில் முதல் பக்கம் திறந்ததும் "அண்ணி" என்று கூப்பிட்டுக்கொண்டு அடுப்படி வரை ஓடிவிட்டேன். அங்கே போய் நின்ற பிறகுதான் நீங்கள் இல்லை என்பது உறைத்தது.

அதே பழைய லைன் அண்ணி. புதிதாகக் கம்பி எதுவும் இழுக்கவில்லை. அதில் இன்டர்நெட் ஓடிக்கொண்டிருக்கும்போதே போன் அடிக்கிறது. எடுத்துப் பேசினாலும் இன்டர்நெட் அறுந்து போவதில்லை. நம்பாமல் பக்கத்துக் கடை பஷீர் பாயை அங்கிருந்து நம் நம்பருக்குப் போட்டுப் பார்க்கச் சொன்னேன். அவர் எஸ்.டி.டி. பூத்தை மூடிவிட்டு இப்போது செல்போன் ரீசார்ஜ் போடுகிறார். "ஒரு வழியா ஜெயிச்சிட்டம்மா. உங்கண்ணி இருந்திருந்தா எனக்கு இந்நேரம் பாயசம் வந்திருக்கும்" என்றார்.

ஒரே லைனைப் பிரித்துக் கொடுத்த நம் பழைய பெட்டியை லைன்மேன் கழற்றி மேசைமேல் வைத்தபோது அண்ணன் அதைக் கையில் எடுத்துத் தூசி தட்டினார். பிறகு என்னிடம் ஒரு விஷயம் சொன்னார். இத்தனை வருஷம் நீங்களும் சொல்லாத, அவரும் சொல்லாத விஷயம். அதற்காகத்தான் இந்தக் கடிதம். நேராக அதற்குப் போனால் உங்கள்மேல் கோபம் வந்துவிடும், அழுகையும் வந்துவிடும். அதனால் முதலிலிருந்து வருகிறேன். கூட இருந்து படிக்கிறவர்களுக்கும் நம் கதை தெரிய வேண்டும் அல்லவா?

கீழ்பென்னாத்தூரில் கட்டிக்கொடுத்த வீட்டிலிருந்து நான் ஒரு சூட்கேஸோடு திரும்பி வந்தது உங்களுக்கு நினைவிருக்கும். அந்த வீட்டில் எந்தப் பேச்சும் கடைசியில் கை நீட்டுவதில்தான் முடியும். நீங்கள் என்னை எதுவும் கேட்கவில்லை. "மொதல்ல குளிச்சிட்டு வா, சாப்பிடலாம்" என்றீர்கள். குவைத்திலிருந்த அண்ணன்தான் போனில் கண்டிப்பாகப் பேசினார். ஒரு கடை போட்டுப் பார், சொந்தக் காலில் நின்றுவிட்டால் சரி, இல்லையென்றால் லீவில் வந்து நானே உன்னைக் கொண்டுபோய் அங்கே விட்டுவிட்டு வருவேன் என்றார். ஊர் அப்படித்தான் பேசும், அவரும் அப்படித்தான் பேசினார்.

வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீசுக்குக் கூப்பிடு தூரத்தில் வீடு இருந்ததால் முன் அறையே கடை ஆனது. மனு டைப் அடிப்பது, ஃபேக்ஸ் அனுப்புவது. நான் மெஷினைப் பார்ப்பேன், நீங்கள் ஆட்களைப் பார்ப்பீர்கள். மனு கொடுக்க வருகிறவர்களின் கதையைக் கேட்டு அவர்களுக்கு முன்னால் நீங்கள் அழுதுவிடுவீர்கள். அவர்கள் உங்களைச் சமாதானப்படுத்திவிட்டுப் போவார்கள். இப்படி ஒரு வியாபாரம் ஊரில் வேறு எங்கே நடந்தது?

அப்புறம் இன்டர்நெட் வந்தது. மலை சுற்றும் வழியில் அடி அண்ணாமலையில் அறை எடுத்துத் தங்கியிருந்த வெள்ளைக்கார அம்மா ஒருவர் வந்து, இங்கே ஈமெயில் பார்க்க முடியுமா என்று கேட்டார். முடியாது என்று சொல்ல நான் வாயைத் திறப்பதற்குள் நீங்கள் "கமிங் வீக்" என்று சொல்லிவிட்டீர்கள். ஈமெயில் என்றால் என்ன என்று அன்று உங்களுக்குத் தெரியாது. அவர் போன பிறகு என்னிடம் கேட்டீர்கள்.

நம்மிடம் இருந்ததோ ஒரே லைன். ஃபேக்ஸ் அனுப்புகிறவர் முதலில் போன் போட்டு "ஃபேக்ஸ் டோன் குடுங்கம்மா" என்பார். நீங்கள் ரிசீவரை ஓரமாக வைத்துவிட்டு, மேசைக்கடியில் குனிந்து, போன் ஒயரைப் பிடுங்கி ஃபேக்ஸ் ஒயரைச் செருகுவீர்கள். அதற்குள் அவர் கட் செய்திருப்பார். இதில் இன்டர்நெட்டுக்கான மோடமும் சேர்ந்துகொண்டால் என்ன ஆகும்? நாள் முழுக்க இருவரில் ஒருவர் மேசைக்கடியில்தான் இருக்க வேண்டும்.

அதற்குத்தான் அந்தப் பெட்டி. என்னோடு கல்லூரியில் படித்த சாந்தி சென்னையில் வாங்கி, பஸ் கண்டக்டரிடம் கொடுத்தனுப்பினாள். பஸ் ஸ்டாண்டில் வாங்கிக்கொண்டு ஆட்டோவில் மடியில் வைத்துக் கொண்டுவந்தேன். சோப்பு டப்பாவைவிடக் கொஞ்சம் பெரியது. சுவரிலிருந்து வரும் லைன் ஒரு பக்கம் உள்ளே போகும். மறுபக்கம் மூன்று ஓட்டைகள். ஒன்று போனுக்கு, ஒன்று ஃபேக்ஸுக்கு, ஒன்று மோடத்துக்கு. யார் முதலில் எடுக்கிறார்களோ அவருக்கு லைன், மற்ற இருவருக்கும் கதவடைப்பு.

வெளியிலிருந்து அழைப்பு வந்தால் பெட்டியே முந்திக்கொண்டு எடுக்கும். எடுத்துக் காது கொடுத்துக் கேட்கும். ஃபேக்ஸ் கீச்சென்று கத்தினால் ஃபேக்ஸ் பக்கம் திருப்பிவிடும். கத்தல் இல்லையென்றால் ஆள்தான் என்று முடிவு செய்து போனை அடிக்க வைக்கும். இதை நான் விளக்கியபோது நீங்கள் மோவாயில் கை வைத்துக்கொண்டு, "நம்ம வீட்டுக்கு மருமவ ஒருத்தி வந்துட்டான்னு சொல்லு. வாசல்ல நின்னு யாரு என்னான்னு கேட்டு அனுப்புவா" என்றீர்கள்.

நாம் மாட்டிய அன்று பௌர்ணமி. பௌர்ணமியன்று இந்த ஊரில் போன் கிடைக்காது என்பது ஏன் நமக்குத் தோன்றவில்லை? மலை சுற்ற வந்த ஜனமெல்லாம் பூத் பூத்தாக நின்று ஊருக்குப் பேசிக்கொண்டிருந்தது. மோடம் டயல் செய்யும், எங்கேஜ்ட். மறுபடி டயல் செய்யும், எங்கேஜ்ட். அதற்கு முன்னால் ஒயரை நான் மோடத்தின் முதுகில் தப்பான ஓட்டையில் செருகிவிட்டு, டயல் டோன் இல்லை என்று கம்ப்யூட்டர் சொல்லச் சொல்ல அதைத் திட்டிக்கொண்டிருந்தது தனிக்கதை.

மதியத்துக்கு மேல் திடீரென்று கிடைத்தது. மோடத்தில் சிவப்பு விளக்குகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பற்றிக்கொண்டன. அப்புறம் அந்தச் சத்தம். கீச்சு, இரைச்சல், அதன்மேல் இன்னொரு இரைச்சல். நீங்கள் கரண்டியோடு ஓடி வந்து, "என்னா மலரு, கோழிய புடிச்ச மாதிரி கத்துது, ஆஃப் பண்ணுடி" என்றீர்கள். "தொடாதீங்க அண்ணி, பேசிக்கினு இருக்குது" என்று உங்கள் கையைப் பிடித்துக்கொண்டேன். சத்தம் நின்றது. கனெக்டட் என்று வந்தது.

ஒரு படம் மேலிருந்து கீழே கோடு கோடாக இறங்கி வர, நாம் இருவரும் ஒரே நாற்காலியில் பாதிப் பாதியாக உட்கார்ந்து பார்த்தோம். என்ன படம் என்று இப்போது நினைவில்லை. நம் முன் அறையிலிருந்து உலகத்துக்கு வழி திறந்துவிட்டது என்று மட்டும் நினைத்தேன். எனக்கு இனி யாரும் சூட்கேஸ் எடுத்துத் தர வேண்டாம் என்றும் நினைத்தேன்.

நீங்கள் அப்போதுதான் நிபந்தனை போட்டீர்கள். "எத்த வேணா மாட்டிக்க. வெள்ளிக்கெழம உங்கண்ணன் ரிங்கு எனக்கு வரணும். அது வரலன்னா அடுத்த நிமிஷம் இதெல்லாம் வெளிய போயிடும், சொல்லிட்டேன்."

அந்த ரிங்கைப் பற்றிச் சொல்லாமல் நம் வீட்டைப் பற்றிச் சொல்ல முடியாது. குவைத்திலிருந்து பேசினால் காசு பறக்கும். அதனால் வெள்ளிக்கிழமை லீவு நாளில், பகல் சாப்பாட்டு நேரத்தில், அண்ணன் போன் போட்டு இரண்டு ரிங் விட்டு வைத்துவிடுவார். நல்லா இருக்கேன் என்று அர்த்தம். எடுக்கக் கூடாது. இரண்டைத் தாண்டி அடித்துக்கொண்டே இருந்தால் முக்கியமான சேதி, எடுக்க வேண்டும். வளைகுடாவில் ஆள் இருந்த பாதி வீடுகளில் அப்போது இதுதான் வழக்கம்.

வெள்ளிக்கிழமையானால் நீங்கள் போன் பக்கத்தில் வந்து அதன்மேல் கை வைத்துக்கொண்டு நிற்பீர்கள். முதல் ரிங்கில் முகம் மலரும். இரண்டாவது ரிங் நின்றதும் போனைப் பார்த்து "ஊம், சரி" என்பீர்கள். அதற்குப் பிறகுதான் சாப்பாடு. எத்தனை முறை உங்களைக் கேலி செய்திருப்பேன். "அண்ணி, அண்ணனுக்குக் கேட்டிருக்கும்" என்பேன். "கேக்கும்டி, உனக்கு என்னா தெரியும்" என்பீர்கள்.

வெள்ளிக்கிழமை பகலில் மோடத்துக்கு லீவு என்று அன்றே ஒத்துக்கொண்டேன். லைன் சும்மா இருக்கும், ரிங் வந்துவிடும் என்று நம்பினோம். எல்லாவற்றையும் சோதித்தும் பார்த்தோம். பஷீர் பாய் பூத்திலிருந்து போட்டார், போன் அடித்தது, நீங்கள் எடுத்துப் பேசினீர்கள். சாந்தி சென்னையிலிருந்து ஃபேக்ஸ் விட்டாள், அழகாக வந்து விழுந்தது. எடுக்காமல் அடிக்கவிடுகிற போன் ஒன்று இருக்கிறது, அதையும் சோதிக்க வேண்டும் என்று இருவரில் ஒருவருக்காவது தோன்றியதா?

முதல் வெள்ளிக்கிழமை ரிங் வரவில்லை. ஓவர்டைம் போட்டிருப்பார்கள் என்று நீங்களே சொல்லிக்கொண்டீர்கள். ஆனால் சாப்பிடவில்லை. அந்த வாரம் முழுக்கக் கடையில் கூட்டம். வெள்ளைக்கார அம்மா தன் கூட்டாளிகளைக் கூட்டிவந்தார். மோடம் கத்தும்போதெல்லாம் கண்ணை மூடிக் கை கூப்புவார். ஊரே நம் வாசலுக்கு வந்துவிட்ட மாதிரி எனக்குத் தலைகால் புரியவில்லை. நீங்கள் மட்டும் அதிகம் பேசாமல் வளைய வந்தீர்கள்.

அடுத்த வெள்ளிக்கிழமை காலையிலேயே மோடத்தின் ஒயரை நீங்களே கழற்றி வைத்துவிட்டீர்கள். போன் மேல் கை வைத்துக்கொண்டு நின்றீர்கள். சாப்பாட்டு நேரம் வந்தது, போனது. கலெக்டர் ஆபீஸில் மதியச் சாப்பாடு முடிந்து ஆட்கள் திரும்பினார்கள். போன் வாயே திறக்கவில்லை. உங்கள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

"இத்த எடுத்துடு மலரு" என்றீர்கள். சத்தம் போடாமல் சொன்னீர்கள். அதுதான் பயமாக இருந்தது.

"அண்ணி, பெட்டியில ஒன்னும் கோளாறு இல்லைங்க. பாய் போட்டாரு, வந்துச்சே."

"அவருக்கு வந்துச்சு. எனக்கு வரல. அங்க அவரு இருக்காரோ இல்லியோன்னு நான் எத்த வெச்சு தெரிஞ்சுக்கறது? எடுத்துடு."

நான் ஸ்க்ரூ டிரைவரை எடுக்கக் குனிந்தேன். அண்ணனைப் பற்றிய பயம் பாதி, என்னைப் பற்றிய பயம் பாதி. பெட்டி போனால் இன்டர்நெட் போகும், அதை நம்பி நிற்கும் கடையும் போய்விடும். கடை போனால் நான் கீழ்பென்னாத்தூர் பஸ் ஏற வேண்டும். அந்த நேரத்தில் அதை உங்களிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அப்போதுதான் பஷீர் பாய் செருப்புகூடப் போடாமல் ஓடி வந்தார். "உங்க வூட்டுக்காரரு என் லைன்ல இருக்காரும்மா. மூனு தபா போட்டாராம், நான் தொழுவப் போயிட்டேன். சீக்கிரம் வாங்க." நீங்கள் ஓடிய ஓட்டத்தை நான் அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பின்பும் பார்த்ததில்லை.

பூத்தில் நீங்கள் ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டு நின்றீர்கள். அண்ணன் போட்ட சத்தம் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்ற எனக்கே கேட்டது. "வீட்ல என்னா ஆச்சு? ரெண்டு வாரமா போன் போட்டா ஒரு ரிங்குலயே எடுக்குறீங்க. தேவகி, தேவகின்னு கத்துறேன், ஒருத்தரும் பேச மாட்றீங்க. யாருக்கு என்னா ஆச்சு, மறைக்காத சொல்லு."

நீங்கள் திரும்பி என்னைப் பார்த்தீர்கள். நான் உங்களைப் பார்த்தேன். இருவருக்கும் ஒரே நேரத்தில் புரிந்தது. எடுத்தது பெட்டி. முதல் ரிங்கிலேயே எடுத்து, ஃபேக்ஸா ஆளா என்று காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறது. அது கேட்டு முடிப்பதற்குள் அண்ணன் பயந்துபோய் வைத்துவிட்டார். நம் வீட்டில் ஒரு மணிச் சத்தம்கூட எழவில்லை. அவருக்கோ யாரோ எடுத்துவிட்டு அழுகையை அடக்கிக்கொண்டு நிற்பது போல இருந்திருக்கிறது.

"ஐயோ, யாருக்கும் ஒன்னும் ஆவலீங்க, எல்லாரும் நல்லாருக்கோம், எடுத்தது அந்தப் பொட்டிங்க" என்று சொல்லிக்கொண்டே நீங்கள் சிரிக்க ஆரம்பித்தீர்கள். கண்ணீர் ஒரு பக்கம் வழிகிறது. பஷீர் பாயும் ஒன்றும் புரியாமல் சிரித்தார். அதற்குள் லைன் அறுந்துவிட்டது.

நான் வீட்டுக்கு ஓடி வந்து பெட்டியைத் திருப்பிப் பார்த்தேன். முதுகில் குட்டி குட்டியாய் ஸ்விட்சுகள். எத்தனையாவது ரிங்கில் எடுக்க வேண்டும் என்று நாமே சொல்லி வைக்கலாமாம். அதோடு வந்த தாளில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. மாட்டிய அவசரத்தில் அந்தப் பக்கத்தை யார் படித்தார்கள்? ஹேர்பின்னால் தள்ளி, எவ்வளவு தள்ளிப்போட முடியுமோ அவ்வளவு தள்ளி வைத்தேன். பாயை இரண்டு ரிங் விட்டு வைக்கச் சொன்னேன். சுத்தமாக இரண்டு அடித்து நின்றது. நீங்கள் பழக்கதோஷத்தில் அதற்கும் "ஊம், சரி" என்றீர்கள்.

இருந்தாலும் நீங்கள் இன்னும் சரி என்று சொல்லவில்லை. "வெள்ளிக்கெழம வரட்டும், பாக்கலாம்" என்றீர்கள். அந்த ஒரு வாரம் நான் சாமி கும்பிட்டது போல எப்போதும் கும்பிட்டதில்லை.

அந்த வெள்ளிக்கிழமையும் வந்தது. ஒரு ரிங். உங்கள் கை போன் மேல். இரண்டாவது ரிங். நான் துள்ளிக் குதித்துவிட்டேன். நீங்கள் "ஊம்" என்று தொடங்குவதற்குள் மூன்றாவது ரிங் அடித்தது. நிற்கவில்லை. உங்கள் முகம் வெளுத்துவிட்டது. நம் கணக்கில் அதற்கு ஒரே அர்த்தம்தானே? பெட்டி முந்திக்கொள்வதற்குள் எடுத்தீர்கள்.

எடுத்துக் கேட்டவுடன் முகம் மாறியது. என்னைப் பார்த்து, "அடுப்புல பால் இருக்குது, போய்ப் பாரு" என்று விரட்டிவிட்டு, ஒயர் எவ்வளவு நீளுமோ அவ்வளவு தூரம் உள்ளே போய் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றீர்கள். அடுப்பில் பால் இல்லை. நான் திரும்பி வந்தபோது போனை வைத்திருந்தீர்கள். "என்னாங்க அண்ணி, என்னாவாம்?" என்றேன். "ஒன்னுமில்ல. குரல் கேக்கணும்னு தோணுச்சாம்" என்றீர்கள். பிறகு மோடத்தின் ஒயரை எடுத்து நீங்களே செருகி, "வேலையப் பாரு" என்றீர்கள்.

அன்று தொடங்கி அண்ணன் வெள்ளிக்கிழமை ரிங் விடுவதை நிறுத்திவிட்டார், பேச ஆரம்பித்தார். குரல் கேட்கணும்னு தோணுச்சாம் என்று சொல்லிச் சொல்லி நான் உங்களை எத்தனை நாள் ஓட்டினேன். நீங்களும் வெட்கப்பட்டுக்கொண்டே ஓட்டவிட்டீர்கள். கடை வளர்ந்தது, முன் அறை போதாமல் பக்கத்துக் கட்டடத்துக்குப் போனது. அண்ணன் வேலையை விட்டு வந்து நம்மோடு இருந்தார். என்னைக் கொண்டுபோய் விடும் பேச்சை அவர் மறுபடி எடுக்கவே இல்லை. ஏன் எடுக்கவில்லை என்று நான் யோசித்ததும் இல்லை.

நேற்று பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு அண்ணன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"குரல் கேக்கறதுக்குன்னு நெனச்சுக்கினு இருக்கியா இத்தினி நாளா? அந்தப் பொட்டிய இன்னிக்கே தூக்கிப் போடு, கடைய மூடுன்னு சொல்றதுக்குத்தான் அன்னிக்குப் போன் போட்டேன். ரெண்டு வாரம் என் உசுரு என்கிட்ட இல்ல. ஆனா உங்கண்ணி கேக்கல. 'மெஷின் போச்சுன்னா மலரு பொட்டியக் கட்டிக்கினு அந்த ஊட்டுக்கே போவணும். உங்க ரிங்கு வராட்டி நான் ஒரு வாரம் அழுவேன், அடுத்த வாரம் வந்துடும். அவளுக்கு அப்படி இல்லீங்க. மெஷின் இருக்கட்டும். உங்க ரிங்கு வராட்டியும் பரவாயில்ல'ன்னு சொல்லிட்டா. அதோட உன்னக் கொண்டுபோய் விடற பேச்ச நானும் விட்டுட்டேன்."

வெள்ளிக்கிழமை அந்த போன் உங்களுக்கு என்னவென்று எனக்குத் தெரியும் அண்ணி. நான் பக்கத்திலேயே நின்று பார்த்தவள். அதையே எனக்காக விட்டுக்கொடுக்கத் துணிந்து, அடுப்பில் பால் இருக்கிறது என்று பொய் சொல்லி என்னை அனுப்பியிருக்கிறீர்கள். என் கேலியையும் வாங்கிக்கொண்டீர்கள். ஒரு நாள், ஒரே ஒரு நாள் சொல்லியிருக்கக் கூடாதா? உங்களைக் கட்டிக்கொள்ளவாவது செய்திருப்பேனே.

அண்ணன் இதைச் சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு கொல்லைப்புறம் போய்விட்டார். நீங்கள் போன பிறகு அவர் வேளைக்குச் சரியாகச் சாப்பிடுவதில்லை. தட்டை எடுத்துக்கொண்டு தனியாகப் போய் உட்கார்ந்து, பாதியில் எழுந்துவிடுகிறார். நேற்று நானும் என் தட்டோடு போய் அவர் எதிரில் உட்கார்ந்தேன். உங்களைத் திட்டித் திட்டிப் பேசினோம். இரண்டாம் முறை சோறு போட்டுக்கொண்டார்.

உங்களுக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன் அண்ணி. நான் இருக்கிறவரை உங்கள் வீட்டுக்காரர் இந்த வீட்டில் ஒரு வேளைகூடத் தனியாகச் சாப்பிட உட்காரமாட்டார்.

நீங்கள் போகவிடாமல் வைத்துக்கொண்ட
உங்கள் நாத்தனார்,
மலர்விழி